தொடர்ந்து ஐந்து சி வராது

"போதும் மிஸ். நாளையிலருந்து வரமாட்டேன்."

வெயிலுமுத்து பயிற்சித் தாளை மேசைமேல் வைத்தான். வைத்தான் என்று சொன்னால் பொய். போட்டான். தாளின் மூலையில் சிவப்பு மையில் ஐம்பத்தொன்பது என்று இருந்தது. நூற்றுக்குத்தான். போன வாரம் அறுபது. அதற்கு முந்தின வாரம் மறுபடியும் ஐம்பத்தொன்பது.

ஹெப்சிபா நிமிரவில்லை. அவள் முன்னால் திருத்தாத தாள்கள் ஒரு சாண் உயரத்துக்கு இருந்தன. காலை ஏழரைதான் ஆகியிருந்தது. அதற்குள்ளேயே அவள் முகத்தில் சாயங்காலம் வந்துவிட்டது.

அருப்புக்கோட்டையில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு மேல்மாடி. அங்கேதான் கிளார்க் பரீட்சைக்குக் கணக்கு வகுப்பு. ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். எட்டுக்கு மேல் ஹெப்சிபா ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். வெயிலுமுத்து ஒரு ஜவுளிக்கடைக்கு ஓட வேண்டும். அவளுக்கு வயது இருபத்து நாலு. அவனுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. அதற்காக யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்பது மாறிவிடாது. அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளை மிஸ் என்பான்.

"ஞாயித்துக்கிழமை பரீட்சை. இன்னைக்குச் செவ்வாய்," என்றாள்.

"தெரியும் மிஸ். அன்னைக்குத்தான் ஆடித் தள்ளுபடி கடைசி ஞாயிறு. லீவு கேட்டா மேனேஜர் மேலயும் கீழயும் பாக்குறாரு. வியாழக்கிழமைக்குள்ள முடிவாச் சொல்லணுமாம். கடைக்கே வரேன்னு சொல்லிரப் போறேன்."

"அடுத்த வருஷம் எழுதலாம்னா?"

"அடுத்த வருஷம் வயசு தாண்டிரும். வேணும்னே கேக்குறீங்களா?"

அவள் வேண்டுமென்றுதான் கேட்டாள்.

அவன் நாலு தடவை எழுதியவன். நாலு தடவையும் கட்-ஆஃபுக்குக் கீழே போனவன். ரொம்பக் கீழே போயிருந்தால் எப்போதோ விட்டிருப்பான். ஒரு கேள்வி, இரண்டு கேள்வி, இவ்வளவுதான் ஒவ்வொரு தடவையும் குறைந்தது. அதுதான் அவனைத் தின்றது.

"உங்களுக்குக் கணக்கு வரலையாண்ணே?"

"வருது மிஸ். அதானே கொடுமை. வீட்டுல போட்டா வருது. கடையில நின்னுக்கிட்டு மனசுக்குள்ள போட்டாக்கூட வருது. மார்க்குதான் வரமாட்டேங்குது. தொடர்ந்து நாலு தடவை ஒருத்தனுக்குப் போகுதுன்னா அது கணக்கா? ராசி."

ஹெப்சிபா அவன் தாளை எடுத்தாள். முன்பக்கம் பார்க்கவில்லை. திருப்பி, பின்னால் கோர்த்திருந்த ரஃப் தாள்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"இத நூறு தடவை சுண்டுங்க. தலையா பூவான்னு வரிசையா எழுதுங்க. நாளைக்குக் கொண்டாந்து குடுத்துட்டு அப்புறம் நின்னுக்கோங்க."

"இது எதுக்கு மிஸ்?"

"எனக்குத் தூக்கம் வருதுண்ணே. கேள்வி கேக்காதீங்க."

முதல் பெஞ்சில் அழகுராணி இருந்தாள். காலேஜ் இப்போதுதான் முடித்தவள். வகுப்பில் யார் பேசினாலும் அவளுக்கு அதில் ஒரு பங்கு வேண்டும்.

"மிஸ், நானும் சுண்டட்டா?"

"உன் ராசிக்கு என்ன வந்துச்சு?"

"என் ராசி ஜம்முனு இருக்கு. சும்மாதான்."

"சுண்டு. யார் வேண்டாம்னா."

*

ஜவுளிக்கடையில் வெயிலுமுத்துவுக்குச் சேலைப் பகுதி. மெத்தை விரித்த மேடைக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள் உட்காருவார்கள். இந்தப் பக்கம் அவன் நிற்பான். காலையிலிருந்து நிற்பான். விரிப்பான், தோளில் போட்டுக் காட்டுவான், அவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், மடிப்பான். மத்தியானத்துக்கு மேல் கால் அவனுடையதாக இருக்காது.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாக் ரூமுக்குப் போய்க் காசைச் சுண்டினான். பூ. எழுதினான். சுண்டினான். பூ. எழுதினான். மூன்றாவது தடவை காசு கை தவறி அலமாரிக்கு அடியில் ஓடியது. குனிந்து எடுக்க அவன் முதுகு ஒப்புக்கொள்ளவில்லை. துடைப்பத்தை விட்டுத் தள்ளி எடுத்தான். தலையா பூவா என்று பார்க்க மறந்துவிட்டான்.

இன்னும் தொண்ணூற்று எட்டு.

யாருக்குத் தெரியப் போகிறது?

சாயங்காலம் டீ வந்தது. அட்டைப்பெட்டிமேல் தாளை வைத்துக்கொண்டு காசு இல்லாமலே எழுத ஆரம்பித்தான். தலை. பூ. பூ. தலை. பூ. தலை, தலை. பொய்யாக எழுதுவதும் ஒரு வேலைதான், அதிலும் அவன் ஒழுங்காகத்தான் இருந்தான். இரண்டு இடத்தில் வரிசையாக மூன்று பூ போட்டான். நாலாவதும் பூ போட பேனா போனது. பார்க்கவே பொய் மாதிரி இருக்கும் என்று நிறுத்தி, தலை போட்டான். கடைசியில் கூட்டிப் பார்த்தான். சரியாக ஐம்பது ஐம்பது வந்திருந்தது. அது ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே என்று இரண்டு தலையை அடித்துப் பூ ஆக்கினான்.

டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

*

புதன்கிழமை காலை ஹெப்சிபா அந்தத் தாளைக் கையில் வாங்கினாள். பார்த்தாள். கீழே வைத்தாள்.

"நீங்க சுண்டவே இல்லண்ணே."

"என்ன மிஸ் இப்படிச் சொல்றீங்க? நாப்பத்தெட்டு தலை, அம்பத்திரண்டு பூ. எண்ணிப் பாருங்க."

"எண்ண வேண்டியதே இல்ல."

அவனுக்குக் காது சூடானது. யார் சொல்லியிருப்பார்கள்? ஸ்டாக் ரூமில் யாரும் இல்லையே.

அழகுராணி எழுந்து வந்தாள். கையில் அவள் தாள்.

"மிஸ், என் காசு கோளாறு. நடுவுல ஏழு தடவை வரிசையா பூ விழுந்துச்சு. எங்க அப்பா காசையே வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அந்த ஏழையும் அடிச்சிட்டு மறுபடி சுண்டலாம்னு பாத்தேன். சோம்பேறித்தனம். அப்படியே கொண்டாந்துட்டேன்."

"உன் சோம்பேறித்தனம் வாழ்க. குடு."

ஹெப்சிபா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வெயிலுமுத்து குனிந்து பார்த்தான்.

அழகுராணியின் தாளில் பூக்கள் ஓர் இடத்தில் ஏழு, இன்னோர் இடத்தில் ஐந்து என்று கூட்டமாகக் கிடந்தன. தலைகள் நாலு நாலாக மூன்று இடத்தில். அவன் தாளைப் பார்த்தான். மேலிருந்து கீழே வரை விரலை ஓட்டினான். மூன்றுக்கு மேல் எங்குமே இல்லை. அழகாகப் பின்னிய பூச்சரம் மாதிரி இருந்தது.

"உங்க காசு மூணுக்கு மேல போக ஏன் பயப்படுது?" என்றாள் ஹெப்சிபா.

இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது?

"நாலு போட்டா பொய் மாதிரி தெரிஞ்சுது மிஸ்."

அழகுராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹெப்சிபா சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் எழுதிய ஆசிரியர் தேர்வின் முடிவு இரண்டு வருஷமாக வரவில்லை. அது வருமா என்று யாராவது கேட்டால் இப்படித்தான் கண்ணை மூடிக்கொள்வாள். இப்போது யாரும் அதைக் கேட்கவில்லை.

"கடையில நேத்து யாவாரம் எப்படிண்ணே?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அத ஏன் கேக்குறீங்க. மத்தியானத்துக்கு மேல ஒம்பது குடும்பம். வரிசையா ஒம்பது. ஒருத்தராவது எடுக்கணுமே? பாத்தாங்க, எந்திரிச்சாங்க, போனாங்க. மடிச்சு மடிச்சுக் கை போச்சு."

"அப்போ பத்தாவது குடும்பம் வந்தப்ப என்ன செஞ்சீங்க?"

"விரிச்சுக் காட்டினேன்."

"ஒம்பது பேர் போயிட்டாங்களே."

"அதுக்கு?" அவனுக்குக் கோபமே வந்தது. "சில நாள் வரிசையா எடுப்பாங்க. சில நாள் வரிசையாப் போவாங்க. புதுசா வர்ற அம்மாவுக்கு முன்னால போனவங்களத் தெரியுமா? அது யாவாரம் மிஸ். அதெல்லாம் பாத்தா சேலை மடிக்க முடியாது."

ஹெப்சிபா கண்ணைத் திறந்தாள். மேசை இழுப்பறையிலிருந்து அவனுடைய செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்தாள்.

"பதினேழாவது கேள்வி. மூணு, ஏழு, பதினொண்ணுன்னு போற தொடர். முதல் இருபது உறுப்பு. கூட்டினா எவ்வளவு?"

அவன் மேலே பார்த்தான். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி உறுப்பு எழுபத்தொன்பது. முதலும் கடைசியும் எண்பத்திரண்டு. அப்படிப் பத்து ஜோடி.

"எண்ணூத்தி இருபது."

"இங்க ரஃப்லயும் எண்ணூத்தி இருபதுன்னுதான் போட்டிருக்கீங்க. கீழ ரெண்டு கோடு வேற. ஆனா முன்பக்கம் எண்ணூறுக்கு நேரா வட்டத்தக் கருப்படிச்சிருக்கீங்க. எப்படி?"

அவன் தாளை இழுத்துப் பார்த்தான். எண்ணூறு என்பது பி. எண்ணூற்று இருபது என்பது சி. அதற்கு மேலே பார்த்தான். பதின்மூன்று, சி. பதினான்கு, சி. பதினைந்து, சி. பதினாறு, சி.

யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

"தொடர்ந்து அஞ்சு சி வராது மிஸ்."

அழகுராணி களுக்கென்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்தினாள்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதெல்லாம் பழகினவங்களுக்குத் தெரியும். கேள்வித்தாள் எடுக்குறவங்க கலந்துதான போடுவாங்க? நாலு சி வந்தாச்சுன்னா அஞ்சாவது நான் எங்கயோ தப்பா..." அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. "தப்பாப் போட்டிருப்பேன்னு தோணும். மாத்திருவேன்."

"பரீட்சையிலயுமா?"

"ம்."

"நாலு பரீட்சையிலயுமா?"

அவன் விரல் மேசைமேல் எதையோ எண்ணியது. நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணியது.

கீழே போட்டோ ஸ்டுடியோவின் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. மணி எட்டு. அழகுராணி பையை எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக எதுவும் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

"ஒரு தாளுக்கு எத்தனை மாத்துவீங்கண்ணே?"

"ரெண்டு. சில சமயம் மூணு."

ஹெப்சிபா தலையை ஆட்டினாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

"மிஸ், அப்ப ஞாயித்துக்கிழமை நான் போய் எழுதட்டுமா? தேறிருவேனா?"

"எனக்கென்னண்ணே தெரியும்?" அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "அந்தக் காசக் குடுங்க. எனக்குப் பஸ்ஸுக்கு வேணும்."

*

வியாழக்கிழமை அவனுக்கு முன்னால் பத்துக் கேள்விகள் இருந்தன. அவள் கையால் எழுதிய ஒரே ஒரு தாள். வகுப்புக்கு வேறு யாரும் வரவில்லை. இன்றைக்கு வகுப்பு கிடையாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு அவனை மட்டும் வரச் சொல்லியிருந்தாள்.

"மேனேஜர்ட்ட சொல்லியாச்சா?"

"இன்னைக்கு எட்டு மணிக்குள்ள சொல்லணும். கூப்பிடுறேன்னிருக்காரு."

"சரி. எழுதுங்க."

சொல்லிவிட்டு மேசைமேல் இரண்டு கையையும் மடித்து, அதற்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளுக்கு லேசாகக் காய்ச்சல்.

முதல் கேள்வி. இரண்டு, ஆறு, பதினெட்டு என்று போகும் தொடரின் ஆறாவது உறுப்பு. நானூற்று எண்பத்தாறு. சி. பென்சிலால் வட்டத்தைக் கருப்பாக்கினான்.

இரண்டாவது. பன்னிரண்டு பேர் ஒருவருக்கொருவர் கைகுலுக்கினால் எத்தனை கைகுலுக்கல். அறுபத்தாறு. சி.

மூன்றாவது, சி. நாலாவது, சி.

ஐந்தாவது. இரண்டு பகடையை உருட்டினால் கூட்டுத்தொகை ஏழு வர நிகழ்தகவு. ஆறில் ஒன்று.

சி.

பென்சில் தானாக நகர்ந்தது. பி-யில் ஒன்பதில் ஒன்று என்று இருந்தது. அதுகூட நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதில் ஒன்று ஏன் இருக்கக் கூடாது? கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ரஃப் தாளில் ஒவ்வொன்றாக எழுதினான். ஒன்றும் ஆறும். இரண்டும் ஐந்தும். மூன்றும் நாலும். அப்புறம் திருப்பி மூன்று. முப்பத்தாறில் ஆறு. எத்தனை தடவை பார்த்தாலும் முப்பத்தாறில் ஆறு.

சி வட்டத்தைக் கருப்பாக்கினான். பல்லைப் பிடுங்கினது மாதிரி இருந்தது.

ஆறாவதும் சி. ஏழாவதும் சி. எட்டாவதில் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரி காய்ச்சலோடு உட்கார்ந்து பத்து சி தயாரித்திருக்கிறாள். ஒன்பதாவதை நிம்மதியாகப் போட்டான். சி.

பத்தாவது கேள்வி இப்படி இருந்தது. 'கடையின் கண்ணாடிப் பெட்டியில் ஐந்து சேலைகள். ஐந்தும் வேறு வேறு நிறம். வரிசையாகத் தொங்கவிட வேண்டும். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது. எத்தனை விதமாகத் தொங்கவிடலாம்?'

அவன் கண்ணாடிப் பெட்டி அது. வாராவாரம் அவன்தான் மாற்றுகிறான்.

மொத்தம் நூற்றிருபது விதம். சிவப்பையும் பச்சையையும் சேர்த்துக் கட்டினால் நாற்பத்தெட்டு. கழித்தால் எழுபத்திரண்டு.

பி.

சி-யைப் பார்த்தான். தொண்ணூற்று ஆறு.

எங்கேயோ விட்டிருப்பான். வேறு வழியில் போட்டான். மற்ற மூன்று சேலையை முதலில் தொங்கவிட்டால் ஆறு விதம். அவற்றுக்கு நடுவிலும் ஓரத்திலும் நாலு இடம். அந்த நாலில் சிவப்புக்கு ஓர் இடம், பச்சைக்கு மீதியில் ஓர் இடம், பன்னிரண்டு விதம். ஆறும் பன்னிரண்டும் பெருக்கினால் எழுபத்திரண்டு.

எழுபத்திரண்டுதான்.

மேசைமேல் போன் அதிர்ந்தது. மேனேஜர். அதிர்ந்துகொண்டே மேசை விளிம்பு வரை நகர்ந்து, நின்றது.

"மிஸ்."

"ம்."

"ஒம்பதும் சி வருது. பத்தாவது மட்டும் பி வருது."

ஹெப்சிபா தலையைத் தூக்கவில்லை.

"நான் எடுத்த தாள்தானண்ணே. ஒம்பதும் சின்னா பத்தாவதும் சியாத்தான் இருக்கும்."

"ரெண்டு வழியிலயும் போட்டுட்டேன் மிஸ்."

"ரெண்டு வழியிலயும் தப்பிருக்கும். அசதியில அப்படித்தான் ஆகும்." கைக்குள்ளிருந்து வந்த குரல் அவ்வளவு களைத்திருந்தது. சோதிக்கிறாளா, இல்லை நிஜமாகவே அலுத்துப்போய்ச் சொல்கிறாளா என்று பார்க்க அவனுக்கு அவள் முகம் கிடைக்கவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது.

"எடுங்கண்ணே. ஞாயித்துக்கிழமை கடைக்கே வரேன்னு சொல்லிருங்க. இதுல சி போட்டுட்டுக் கிளம்புங்க. எனக்கும் தலை வலிக்குது."

வெயிலுமுத்து போனை எடுத்தான்.

"சார்... இல்ல சார், ஞாயித்துக்கிழமை வர முடியாது. பரீட்சை இருக்கு... ஆமா சார், அதே பரீட்சைதான். அஞ்சாவது தடவை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஏதோ கத்தல். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"சி போட்டாச்சா?" என்றாள் ஹெப்சிபா.

அவன் பென்சிலைக் கூராக்கி, பி வட்டத்தை விளிம்பு வரை கருப்பாக்கிக்கொண்டிருந்தான்.